கடைவிளக்கில் மின்னும் குழாய் கடினநீரிலும் மின்னுமா?

குளியலறைக் குழாயின் வெள்ளிநிறப் பளபளப்பு எவ்வளவு கனமுடையது என்பதை வாங்கும்போது எவரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் குரோமியப் படலத்தின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. அது மனிதத் தலைமுடி ஒன்றின் கனத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய படலம்தான் ஆண்டுக்கணக்கில் தண்ணீரையும் சோப்பையும் உப்பையும் துலக்கும் கையையும் தாங்கி நிற்கிறது. குழாய் புதிதாகத் தோன்றுவதும் பழையதாகத் தோன்றுவதும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

புதுவீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் இன்று கடைக்குச் சென்றால், அவர்கள் முன் ஒரு வண்ணவரிசையே விரிகிறது. பளபளக்கும் குரோம், மங்கிய நிக்கல், மேட் கருப்பு, பொன்னிறம், ரோஜாப் பொன்னிறம், பழமைத் தோற்றமுள்ள பித்தளை என ஒவ்வொன்றும் கடைவிளக்கின் ஒளியில் அழகாகவே இருக்கிறது. ஆனால் கடையிலுள்ள மாதிரிக் குழாய்களில் தண்ணீர் ஓடுவதில்லை. வீட்டுக் குழாயிலோ நாள்முழுதும் ஓடுகிறது. ஆகவே குழாயின் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்துக்கு முன்னர் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, உங்கள் வீட்டுத் தண்ணீர். மற்றொன்று, அந்தக் குழாயைத் துடைக்கப்போகும் கை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இந்த இரண்டுமே மிகவும் பொருந்தும்.

மண்ணும் நீரும்

1911 ஏப்ரல் 1 அன்று உருவான பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4 முதல் சித்தூர், திருப்பதி உள்ளிட்ட மாவட்டங்களாகப் பிரிந்தது. நிர்வாக எல்லைகள் மாறினாலும் காலடியில் உள்ள பாறை மாறவில்லை. இராயலசீமையின் தென்முனையான இப்பகுதியின் பெரும்பாகம் பழமையான கருங்கல், நைஸ் பாறைகளின் மேல் அமைந்துள்ளது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மிக மெல்லிய அமிலத்தன்மை பெறுகிறது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் வழியே அது மேலே வரும்போது, நாம் ‘உப்புத்தண்ணீர்’ என்று சொல்லும் கடினநீராக வருகிறது.

திருப்பதி நகரத்துக்குக் கல்யாணி அணையிலிருந்தும், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்தும் குடிநீர் வருகிறது. இதே தெலுங்கு கங்கைதான் பூண்டி வழியாகச் சென்னைக்கும் கிருஷ்ணா நீரைக் கொண்டுசெல்கிறது. அணையிலும் கால்வாயிலும் வரும் நீர் பொதுவாக நிலத்தடி நீரைவிட மென்மையானது. ஆயினும் நகரத்தில்கூடப் பல வீடுகளில் குடிப்பதற்கு ஒரு நீர், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் என்ற வழக்கமே உள்ளது. சித்தூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பலருக்கும் ஆழ்துளைக் கிணறே ஆதாரம். அதாவது குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் கடினநீரே.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மை 500 மில்லிகிராம் என்று கொள்வோம். குழாயை மூடிய பின் அதன் மேல் பத்துத் துளிகள் தங்கிக் காய்கின்றன. ஒரு நாளில் பத்து முறை இப்படி நிகழ்கிறது. நூறு துளிகள் என்பது ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். அதில் இரண்டரை மில்லிகிராம் உப்பு குழாயின் மேல் படிகிறது. துடைக்காமல் விட்டால் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கிராம். கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒரு கிராம் சுண்ணாம்பை ஒரு குழாயின் மேல் தூவிப் பார்த்தால் அதன் அளவு புரியும். வெந்நீர்க் குழாயில் நிலைமை இன்னும் கடுமை. சூட்டில் நீரிலுள்ள பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்புப் படிவாக மாறுவதால்தான் கீசரின் கம்பிச்சுருளிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளைப் பொருக்கு விரைவில் அடைகிறது.

உங்கள் நீர் எத்தகையது என்பதை அறிவது எளிது. சோப்பு நுரைக்க மறுப்பதும், பாத்திரத்தில் காய்ச்சிய நீர் வெள்ளைத் தடம் விடுவதும் முதல் அறிகுறிகள். எண்ணாக அறிய வேண்டுமானால் நீர்ப்பரிசோதனை ஆய்வகத்தில் ஒரு குப்பி நீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊரகக் குடிநீர் ஆய்வகங்கள் சிறு கட்டணத்தில் பொதுமக்களுக்கும் சோதித்துத் தருகின்றன. குழாய் வாங்கச் செல்லும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

ஈயப் பூச்சிலிருந்து குரோம் வரை

உலோகத்தின் மேல் பூச்சு என்பது நமக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதால், உட்புறம் ஈயம் பூசிப் புழங்கியவர்கள் நம் முன்னோர். துருத்தியும் நவச்சாரமும் கொண்டு தெருத்தெருவாக வந்து ஈயம் பூசியவர்களை மூத்த வாசகர்கள் நினைவுகொள்வார்கள். அந்தப் பூச்சு தேயும், மீண்டும் பூசுவார்கள். பாத்திரத்தின் வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்குவார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேலுள்ள கறுப்பைக் கரைப்பதால் பொன்னிறம் மீண்டது.

இன்றைய நல்ல குழாயின் உடலும் பித்தளையே. அதன் மேல் முதலில் நிக்கல், பிறகு குரோமியம் என மின்முலாம் பூசுகிறார்கள். கனமான அடுக்கு நிக்கல்தான். அரிப்பைத் தடுக்கும் பெரும்பணி அதனுடையது. மேலே உள்ள மெல்லிய குரோமியம் கடினத்தையும் நீலச்சாயலுள்ள வெள்ளி ஒளியையும் தருகிறது. குரோமியத்தை 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் கண்டறிந்தார். ஆயினும் வணிக அளவில் முலாம் பூசும் முறை உருவாக ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின. 1920-களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் நடத்திய ஆய்வுகள் அதற்கு வழிகோலின. அதற்கு முன்பு மேலைநாட்டுக் குழாய்களில் நிக்கல் பூச்சே வழக்கமாக இருந்தது. அது மங்கும், அடிக்கடி துலக்க வேண்டும். குரோமியமோ காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்கிறது. எனவே துலக்க வேண்டியதில்லை, துடைத்தாலே போதும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியம். பித்தளை அண்டாவைத் தேய்த்தால் அடியிலிருந்து புதிய பித்தளை வெளிப்படும். குழாயைத் தேய்த்தால் பூச்சுதான் போகும், போனால் மீளாது.

எந்தப் பூச்சு, எந்த வீட்டுக்கு?

பளபளப்பான குரோம்: கடினநீர் உள்ள வீட்டுக்கு இன்றும் நம்பத்தக்க தேர்வு. விரல் தடமும் நீர்ப்புள்ளியும் இதில் தெளிவாகத் தெரியும் என்பது குறை. ஆனால் வழவழப்பான பரப்பில் உப்பு ஆழமாகப் பற்றாது; ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். விலையும் மற்ற நிறங்களைவிடக் குறைவு. பத்தாண்டு கழித்து ஒரு குழாயை மட்டும் மாற்ற நேர்ந்தாலும் ஒத்த நிறம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்.

பிரஷ்டு அல்லது சாடின் நிக்கல்: பரப்பில் நுண்ணிய கோடுகள் இருப்பதால் ஒளி சிதறி, விரல் தடமும் நீர்ப்புள்ளியும் அவ்வளவாகத் தெரிவதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கும், நாள்தோறும் துடைக்க இயலாதவர்களுக்கும் ஏற்றது. கறை தெரியவில்லை என்பதால் கறை இல்லை என்று பொருளன்று. மாதங்கள் கடந்தால் கோடுகளுக்கிடையே உப்பு இறுகும். கோடுகள் செல்லும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும்.

எவர்சில்வர்: 304 வகை என்று சொல்லப்படும் இதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்துள்ளன. பூச்சு என்று தனியே எதுவுமில்லை. உடல் முழுதும் அதே உலோகம். எனவே உரியும் அச்சமில்லை. சித்தூர் வட்டாரத்தின் மாங்கூழ் ஆலைகளிலும் பால்பண்ணைகளிலும் தொட்டிகளும் குழாய்களும் எவர்சில்வரால் ஆனவை. நாள்தோறும் கழுவினாலும் அது தாங்குவதே காரணம். எவர்சில்வரின் பகை குளோரைடு. ப்ளீச்சிங் கரைசல் தேங்கி நின்றால் அதில் ஊசிமுனை போன்ற குழிகள் விழும்.

மேட் கருப்பு: இன்று மிகுந்த நாட்டம் பெற்றுள்ள நிறம். வெளிர்நிறச் சுவரில் அழகாக எடுத்துக்காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருப்பின் மேல் சுண்ணாம்பு வெள்ளைவெளேரென்று தெரியும். மேட் பரப்பின் நுண்ணிய சொரசொரப்பு அந்த உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். பல கருப்புக் குழாய்களில் உள்ளது சூளையில் இறுக்கிய பவுடர் வண்ணப்பூச்சு. அதைக் கம்பி நாரால் தேய்த்தால் பளபளப்பான திட்டுகள் விழும். மென்னீர் வரும் வீட்டில், நாள்தோறும் துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தகும். ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே உள்ள வீட்டில் இது ஓயாத வேலையைத் தரும்.

பொன்னிறமும் ரோஜாப் பொன்னிறமும்: திருமலையில் ஆனந்த நிலையத்தின் பொன்வேய்ந்த விமானம் வெயிலிலும் மழையிலும் ஒளிர்வதற்குக் காரணம், பொன் எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதே. கடையில் காணும் பொன்னிறக் குழாயில் இருப்பது பெரும்பாலும் பொன் அன்று. ‘பி.வி.டி.’ எனப்படும் முறையில், வெற்றிடக் கலத்துக்குள் டைட்டானியம் அல்லது சிர்க்கோனியம் ஆவியாக்கப்பட்டு, நைட்ரஜனுடன் சேர்ந்து குழாயின் மேல் படிகிறது. துரப்பண ஊசிகள் தேயாமலிருக்கப் பூசுவதும் இதே டைட்டானியம் நைட்ரைடுதான். இது குரோமைவிடக் கடினமானது, எளிதில் கீறாது. இதே நிறத்தில் வெறும் அரக்குப் பூச்சுள்ள மலிவுக் குழாய்களும் விற்கின்றன. அரக்குப் பூச்சு ஓரங்களில் உரியத் தொடங்கினால் அடியிலுள்ள உலோகம் கறுக்கும். ஆகவே “இது பி.வி.டி.யா, அரக்கா?” என்று கேட்டு, விடையை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

பழமைப் பித்தளை: பயன்பாட்டில் நிறம் மாறுவதையே அழகாகக் கருதுவோருக்கு உரியது. புதுக்கருக்கு மாறாமல் வைத்திருக்க விரும்புவோருக்கு உரியதன்று.

பிளாஸ்டிக் குழாய்: இதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. துருவும் களிம்பும் இதில் ஏறுவதில்லை. புழக்கடை, துணி துவைக்கும் கல், மாட்டுக்கொட்டகை, தோட்டம் ஆகிய இடங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல பிளாஸ்டிக் குழாயே சிக்கனம். சேமித்த தொகையைக் குளியலறைக்குள் செலவிடலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது, எடை. பித்தளை, துத்தநாகக் கலவையைவிட அடர்த்தி மிக்கது. ஒரே அளவுள்ள இரு குழாய்களைக் கைக்கு ஒன்றாக எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, காந்தம். காந்தம் இறுக ஒட்டினால் அடியில் இரும்பு உள்ளது. ஈரமான அறைக்கு அது ஆகாது. ஒட்டாததால் மட்டும் அது பித்தளை என்று முடிவு செய்யவும் இயலாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. எனவே எடையையும் காந்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பகல் வெளிச்சம். குழாயைக் கடைவாயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முலாம் சீராக உள்ளதா, வளைவுகளின் உட்புறத்திலும் திருகுமறை தொடங்கும் இடத்திலும் புள்ளிகளோ குமிழ்களோ உள்ளனவா என்பது அங்குதான் தெரியும்.

நான்காவது, உங்கள் தண்ணீர். இதுவே எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. விரும்பிய நிறத்தில் முழுத் தொகுதியையும் வாங்கும் முன், அதே நிறத்தில், அதே நிறுவனத்தின் சிறு பொருள் ஒன்றை, துண்டு மாட்டும் கொக்கியையோ சோப்புத் தட்டையோ வாங்குங்கள். தற்போதைய குளியலறையில் ஒரு மாதம் மாட்டி வையுங்கள். நாள்தோறும் உங்கள் கிணற்று நீர் அதன் மேல் தெறித்துக் காயட்டும். மாத முடிவில் துணியால் துடைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்த விடை, பல ஆயிரம் ரூபாய்த் தவறைத் தடுக்கும்.

ஐந்தாவது, உத்தரவாதச் சீட்டு. உள்ளிருக்கும் அடைப்பானுக்கு ஒரு காலம், மேற்பூச்சுக்கு ஒரு காலம், சிறப்பு நிறங்களுக்கு வேறொரு காலம் எனப் பல நிறுவனங்கள் தனித்தனியே வகுத்துள்ளன. கடினநீர்க் கறையும், அமிலத்தால் துலக்கியதால் வந்த கேடும் உத்தரவாதத்தில் பெரும்பாலும் அடங்குவதில்லை. அந்தச் சிற்றெழுத்துகளைப் பணம் கொடுக்கும் முன்பே படியுங்கள்.

பூச்சைப் போலவே வடிவத்தையும் கவனியுங்கள். செதுக்கு வேலைப்பாடும் பல மூட்டுகளும் உள்ள குழாயில் அழுக்கு ஒதுங்க இடம் மிகுதி. அடிப்பகுதி சுவரோடு அல்லது பேசினோடு சேருமிடத்தில் துணி நுழைய வழி வேண்டும். ஷவர் வாங்கும்போது துளைகளில் மென்மையான சிலிகான் முனைகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பெருவிரலால் வருடினாலே பொருக்கு உதிர்ந்துவிடும். மூட்டுவலி உள்ள முதியோர் வாழும் வீட்டில், திருகுவதைவிட நெம்புகோல் போல் உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடி நல்லது.

திருப்பதி விடுதிகள் தரும் பாடம்

திருமலைக்கு நாள்தோறும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துசெல்கின்றனர். அவர்களில் பலர் மலையடிவாரத்து நகரில் ஓரிரவோ சில மணி நேரமோ தங்கி, குளித்து, தரிசனத்துக்குப் புறப்படுகின்றனர். ஒரு வீட்டுக் குழாய் ஒரு மாதத்தில் காணும் புழக்கத்தை விடுதிக் குழாய் சில நாள்களில் காண்கிறது. ஒருவர் வெளியேறி மற்றொருவர் வருவதற்குள் குளியலறையைத் துப்புரவு செய்தாக வேண்டும். அந்த அவசரத்தில் கைக்கு வருவது கழிவறைக்கான அமிலக் குப்பிதான். கழிப்பறைக் கோப்பையில் ஊற்றிய அமிலம் தரைக்கும், தரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து குழாய்க்கும் போகிறது.

இங்குதான் பூச்சின் ஆயுள் முடிகிறது. கழிப்பறைக் கோப்பையின் மேற்பரப்பு, ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் இறுகிய கண்ணாடி போன்றது; அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் எளிதில் அசைப்பதில்லை. சித்தூரின் அண்டை மாவட்டமான ராணிப்பேட்டையில் நெடுங்காலமாக உருவாகிவரும் பீங்கான் பொருள்கள் இத்தகையவை. ஆனால் அதே அமிலம் குரோமியத்தை நேராகக் கரைக்கும். வெள்ளிநிறக் குழாயில் மஞ்சள் சாயல் தென்பட்டால் குரோமியம் போய் நிக்கல் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். பச்சை படர்ந்தால் நிக்கலும் போய்ப் பித்தளை வெளிப்பட்டுவிட்டது. பீங்கானுக்கு நன்மை செய்வது உலோகத்துக்கும் நன்மை செய்யும் என்ற எண்ணமே பல குழாய்களை அழிக்கிறது.

விடுதி நடத்துவோரும், வீட்டின் ஒரு பகுதியை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுவோரும் இதிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். குரோம் அல்லது எவர்சில்வர் தவிர வேறு நிறங்களுக்குப் போகாதிருத்தல். எல்லா அறைகளுக்கும் ஒரே வகைக் குழாய் வாங்கி, உதிரிபாகங்களையும் கையிருப்பில் வைத்தல். கழிப்பறைக் கோப்பைக்கு ஒரு குப்பி, குழாய்க்கு ஒரு குப்பி என்று நிறம் பிரித்துத் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொடுத்து விளக்குதல். வீட்டுக்கும் இந்த மூன்றாவது முடிவு பொருந்தும்.

துடைக்கும் கை

நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே: கடைசியாகக் குளிப்பவர் உலர்ந்த துணியால் குழாயை ஒரு முறை துடைத்துவிட வேண்டும். துளி காய்வதற்குள் எடுத்துவிட்டால் உப்பு படிவதே இல்லை. அரை நிமிட வேலை அது.

வாரம் ஒரு முறை மென்மையான சோப்புக் கரைசலில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்துங்கள். கம்பி நார், சாம்பல், சொரசொரப்பான தூள் ஆகியவை எந்தப் பூச்சுக்கும் ஆகா.

படிந்து இறுகிய வெள்ளைப் பொருக்குக்கு வினிகர் போதும். ஒரு பங்கு வினிகரில் ஒரு பங்கு நீர் கலந்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, பத்து நிமிடம் விட்டு எடுத்து, நன்கு கழுவுங்கள். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். கருப்பு, பொன்னிறப் பூச்சுகளில் இதையும் செய்யும் முன் தயாரிப்பாளரின் குறிப்பைப் பாருங்கள். குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் நீரின் விசை மீளும்.

நம் வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வாஷ்பேசின் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் நாம் விரும்பிப் பதிக்கும் கடப்பைக் கல், சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. குழாயின் உப்பைக் கரைக்கும் அதே புளிப்பு, கடப்பைக் கல்லையும் சலவைக்கல்லையும் அரிக்கும். அந்தக் கல்லின் மேல் குழாய் பதித்திருந்தால் வினிகர் சொட்டாதபடி கீழே ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

மற்றோர் எச்சரிக்கை உயிரைப் பற்றியது. கழிவறை அமிலத்தையும் ப்ளீச்சிங் கரைசலையும் ஒருபோதும் ஒன்றாகவோ, ஒன்றைக் கழுவாமல் அதன் மேல் மற்றொன்றையோ ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு அது. சன்னல் மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். அந்த அறையில் குனிந்து வேலை செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்ணாகவோ, வீட்டிலுள்ள தாயாகவோ இருக்கிறார். எளிதில் துடைக்கக்கூடிய பூச்சைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் அன்று. வன்மையான அமிலம் வீட்டுக்குள் வரும் தேவையையே அது குறைக்கிறது. கையுறை வாங்கிக் கொடுப்பதும், சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வதும் வீட்டாரின் கடமை.

நீரின் கடினத்தன்மை மிகுதியாக இருந்தால் மென்னீராக்கும் கருவியை வீட்டுக்கு நீர் செல்லும் முதன்மைக் குழாயில் பொருத்தலாம். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. குறித்த இடைவெளியில் உப்புக்கரைசலால் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். குழாய்களோடு கீசரும் சலவை இயந்திரமும் இதனால் நீண்டகாலம் உழைக்கும்.

கணக்கும் கடனும்

இரண்டு குளியலறைகள் உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கான குரோம் தொகுதி 12,000 ரூபாய், சிறப்பு நிறத் தொகுதி 20,000 ரூபாய் என்று கொண்டால், இரண்டு அறைகளுக்கும் வேறுபாடு 16,000 ரூபாய். இந்தத் தொகையும் கடனில் அடங்கினால், 10 விழுக்காடு வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில், ஏறத்தாழ 20,400 ரூபாயாகத் திரும்பச் செலுத்த நேரும். குரோம் பத்தாண்டு உழைத்தால் ஓர் அறைக்கு ஆண்டுச் செலவு 1,200 ரூபாய். சிறப்பு நிறம் கடினநீரில் ஐந்தாண்டில் மாற்ற வேண்டியதானால் ஆண்டுக்கு 4,000 ரூபாய். இவை விளக்கத்துக்கான எண்களே. உங்கள் ஊர் விலையை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலைச்சீட்டில் தெரியாத செலவு இதில் வெளிப்படும்.

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெற எண்ணுவோர் குழாய், பீங்கான், ஓடு, பிளம்பர் கூலி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் மதிப்பீட்டை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு கடைகளில் விலைப்புள்ளி பெறுங்கள். ஜி.எஸ்.டி. ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். புகார் எழும் நாளில் அவையே சான்று. பழைய வருமான வரிமுறையில் இருப்போர், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்கோ புதுப்பிப்புக்கோ பெற்ற கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். வீட்டுக்கடன் வட்டிக்கான மொத்த வரம்புக்குள் இது அடங்கும் என்பதால் உங்கள் கணக்காயரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அழகை விரும்புவதில் தவறில்லை. பொன்னிறமோ கருப்போ மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தால், விருந்தினர் மட்டும் கைகழுவும் ஒரு வாஷ்பேசினுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் நாள்தோறும் குளிக்கும் அறைக்குக் குரோமோ எவர்சில்வரோ போதும். கடைக்குப் புறப்படும்போது நிறப்பட்டியலோடு, உங்கள் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு தாளைக் காட்டி, “இந்தத் தண்ணீருக்கு எந்தப் பூச்சு தாங்கும்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாக விடை சொல்லும் கடையில் வாங்குங்கள்.